கேட்காமல் எடுத்த படம்

மார்ச் 14

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

நான் உண்டாகியிருக்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. உன் அண்ணன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். வீட்டில் யாரும் இதை நல்ல சேதி என்று வெளியே சொல்லவில்லை.

தலைசுற்றல், வாந்தி. பித்தம் என்று நினைத்துத்தான் நேற்று தெருமுனை லேடி டாக்டரிடம் போனேன். சோதித்துவிட்டு, "ஏழு வாரம் ஆயிருக்கும்மா, இத்தனை நாளா தெரியலையா?" என்றார். எனக்கு நாள் தள்ளிப் போவது என்ன புதிதா? ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. நாற்காலியிலேயே சிரித்துவிட்டேன், பைத்தியம் மாதிரி. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "இடையில மாத்திரை, எக்ஸ்ரே ஏதாவது?" "முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தோம் டாக்டர். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில, அங்கே வேலை பார்க்கிற என் நாத்தனார்தான் எடுத்தா." பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இடுப்புக்கா? அடடா. வேண்டாம்மா, கலைச்சிடுங்க. கை கால் இல்லாம பொறந்தா என்ன பண்ணுவீங்க?"

உன் அம்மா அதைக் கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை. உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உன் அறைக் கதவில் பலகை மாட்டியிருக்கிறாய், கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லவும் என்று. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டாய், "நாள் தள்ளிப் போயிருக்காம்மா? கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்று. என் காதில் விழுந்தது. அடுத்து நான் உள்ளே வந்தேன். என்னிடம் நீ கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை?

பதிலை வீட்டுக்கு எழுதாதே. தபால்காரரை உன் அம்மா வாசலிலேயே மடக்கிவிடுகிறார்கள். போன் பக்கமும் போக முடியாது, அதன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் துணி வெட்டுகிற கம்பெனி விலாசத்துக்கு எழுது. சூப்பர்வைசர் அம்மா பிரிக்காமல் கொடுப்பார்.

— அண்ணி


மார்ச் 18

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் எக்ஸ்ரே பிலிம் கேசட் வைக்கிற அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். வெளியே வர முடியவில்லை. "மேடம், அடுத்த பேஷண்ட்" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஏன் கேட்கவில்லை என்றால், நம் வீட்டில் அந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்பதில்லை அண்ணி. முதல் மூன்று வருஷம் எல்லோரும் கேட்டார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை எடுத்துத் தேய்ப்பீர்கள், அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு அண்ணன்தான் எல்லோரிடமும் சொன்னான், இனி ஒருத்தரும் கேட்கக் கூடாது என்று. எனக்கும் அது பழகிவிட்டது. அன்றைக்கு நீங்கள் மேசையில் ஏறிப் படுத்ததும் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. முகத்தைப் பார்த்தேன். இவர்களிடம் போய் எப்படிக் கேட்பது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதா என்று விழுங்கிவிட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிற வாய்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பாடம் எடுப்பதும் நான்தான். முதல் வகுப்பில் முதலில் சொல்வது இதைத்தான்: பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் வாயைத் திற. ஊருக்குத்தான் உபதேசம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இரண்டாவது முறை தப்பு செய்தவளாவேன். முதுகுக்கு மூன்று படம் போதும். உங்களுக்கு நான் ஐந்து எடுத்தேன். வேறு யாராவது என்றால் கதிர் விழுகிற வெளிச்சக் கட்டத்தை முதுகெலும்பு அளவுக்குச் சுருக்கியிருப்பேன். உங்களுக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று அகலமாகத் திறந்து வைத்தேன். அகலமாகத் திறந்தால் கதிர் உடம்பில் பட்டு நாலா பக்கமும் சிதறும், சிதறியது படத்தில் சாம்பல் பூசும். இதையும் நானே கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். முதல் படம் அப்படித்தான் கெட்டது. பக்கவாட்டில் எடுத்தது நீங்கள் மூச்சு விட்டதில் கலங்கிவிட்டது. வேறு ஆளாக இருந்தால், பரவாயில்லை, எலும்பு தெரிகிறது என்று விட்டிருப்பேன். என் அண்ணிக்குக் கலங்கின படமா என்று இரண்டையும் திரும்ப எடுத்தேன். வந்த படங்கள் அவ்வளவு அழகு. டாக்டர்கூட, "யாருக்கு எடுத்த படம் இது, இவ்வளவு சுத்தமா?" என்று கேட்டார்.

அண்ணி, காலில் விழுகிறேன். எதுவும் செய்துவிடாதீர்கள். ஐந்து படம் என்பது பயப்பட வேண்டிய அளவா இல்லையா என்பதை அளந்து பார்க்க வழி இருக்கிறது. எனக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

— வாலு


மார்ச் 21

ஐந்தா!

மூன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் படு, கையைத் தூக்கு, மூச்சைப் பிடி என்று நீ சொன்னதற்கெல்லாம் ஆடினேன். என் கடைசி நாத்தி எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாள் என்று பூரித்துப் போய்ப் படுத்திருந்தேன். உன் அக்கறையில் இடி விழ.

நீ மட்டும் வேறு ஆளாக இருந்திருந்தால், நான் மட்டும் வேறு ஆளாக இருந்திருந்தால் என்று துணி வெட்டுகிற மேசை முன்னால் நின்று யோசிக்கிறேன். நேற்று நூறு சட்டைக்கான துணி அடுக்கில் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்டேன். சூப்பர்வைசர் அம்மா அடுக்கை மூடிப் பரணில் போட்டுவிட்டார்.

வீட்டு நிலவரம் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அம்மா தினமும் ஒரு குறையுள்ள பிள்ளையின் கதை கொண்டுவருகிறார்கள். எதிர்வீட்டு அம்மாவின் தங்கை மகள், மாவு மில்காரரின் மருமகள். ஒன்றில்கூட எக்ஸ்ரே கிடையாது, கேட்டால், "இல்லாததுக்கே இப்படின்னா, இருக்கிறதுக்கு?" என்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ராத்திரி வந்து என் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போகிறார்கள்.

உன் அண்ணனிடம் நீ அளந்து பார்க்கப் போவதைச் சொன்னேன். "வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு, சாண் என்ன முழம் என்ன? எனக்கு நீ இருந்தா போதும். இன்னொன்னு வராமலா போயிடும்?" என்றார். ஒன்பது வருஷமாக வராதது இன்னொன்று வருமாம்! ஆம்பளைக்கு நம்பிக்கை எங்கிருந்துதான் வருமோ தெரியவில்லை.

லேடி டாக்டரிடம் வருகிற 29ஆம் தேதி காலைக்குச் சொல்லிவிட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை வாலு. குறையோடு ஒரு பிள்ளையைப் பெற்று, அது வளர்ந்து என்னைப் பார்த்து, "தெரிஞ்சுமா என்னைப் பெத்தே?" என்று கேட்டால்? அதை நினைத்தால் வயிற்றில் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

உன் அளவெல்லாம் எனக்குப் புரியாது. ஒன்று செய். குழந்தைக்கு ஒரு குறையும் வராது என்று ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரை வைத்து அனுப்பு. அதைக் காட்டி எல்லோர் வாயையும் அடைத்துவிடுகிறேன். ஒரு வரி. இதுகூட உன்னால் முடியாதா?

— அண்ணி


மார்ச் 24

அண்ணி,

அளந்துவிட்டோம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கதிர் அளக்க வருகிற இயற்பியல்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பிசிக்ஸ் சார். சிரிக்கவே மாட்டார், டீ குடிக்கும்போதுகூடக் கோப்பையை அளந்து பார்க்கிற ஆள். அவரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "தடிமன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். படம் எடுக்கும் முன் உங்கள் வயிற்றுக்கும் முதுகுக்கும் இடையே நான் அளந்த அளவு இருந்தது. அதே தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். கதிருக்கு மனித உடம்பும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான். கர்ப்பப்பை எந்த ஆழத்தில் இருக்குமோ அந்த ஆழத்தில் பேனா மாதிரி ஒரு கருவியை இறக்கினார். அன்றைக்கு வைத்த அதே வோல்ட்டு, அதே நேரம், அதே தூரம், அதே அகலம். கெட்ட படங்களையும் சேர்த்து ஐந்து முறை பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன். தொட்டியில் தண்ணீர்தான் இருக்கிறது என்று தெரியும், ஆனாலும்.

ஐந்தும் சேர்ந்து ஏழு மில்லிகிரே வந்தது.

அந்தப் பெயரை விடுங்கள், எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு உறுப்புக் குறை வந்ததாக இதுவரை தெரிந்ததெல்லாம் நூறும் அதற்கு மேலும் பட்ட இடங்களில்தான். ஐம்பதுக்குக் கீழே என்றால் அதற்காகக் கலைக்கச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. உங்களுடையது ஏழு. அண்ணனிடம் சொல்லுங்கள், எங்கள் தொழிலே சாணுக்கும் முழத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். வெள்ளம் தலைக்கு மேல் போகவில்லை, கணுக்காலைத் தாண்டவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட ஒரு வரி.

என்னால் எழுத முடியாது அண்ணி. கோபப்படாமல் படியுங்கள். எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாத நூறு பெண்கள் பெற்றாலும் அதில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதோ ஒரு குறையோடு பிறக்கும். அந்த இரண்டு மூன்றில் உங்கள் பிள்ளை இருக்காது என்று சொல்ல நான் யார்? இந்த ஐந்து படத்தால் அந்தக் கணக்கு மாறாது என்று சொல்ல முடியும். பிற்காலத்தில் வரும் நோய்களில் இம்மியளவு கூடலாம், அதை யாராலும் தனியாகப் பிரித்துக் காட்டக்கூட முடியாது. ஒரு குறையும் வராது என்று எழுதினால் அது பொய். பொய் எழுதி உங்களைப் பெற வைத்தேன் என்று வேண்டாம்.

ராத்திரி முழுக்க அந்த ஒரு வரியை எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதிக் கொடுத்துவிடு, பிழைத்துப் போகட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. முடியவில்லை.

பிசிக்ஸ் சார் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதைத் தெருமுனை டாக்டரிடம் காட்டாதீர்கள். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள்.

கேட்காமல் படம் எடுத்ததைத் தலைமை டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். என்னை எக்ஸ்ரே அறையிலிருந்து மாற்றி இருட்டறையில் போட்டிருக்கிறார்கள், படம் கழுவுகிற வேலைக்கு. பாடம் எடுப்பதும் இல்லை. அது கிடக்கட்டும்.

29க்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்துவிட வேண்டும்.

— வாலு


மார்ச் 30

வாலு,

முந்தாநாள் சாயங்காலம் சூப்பர்வைசர் அம்மா மேசைக்கு வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். நான்கு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உன்னைக் கொல்லலாம் போல இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவளுக்குக் கையைக் கொடுடி என்றால், கை கொடுப்பேன் ஆனால் வழுக்காது என்று உறுதி சொல்ல முடியாது என்கிறாய்!

வீட்டுக்கு வந்தால் பை கட்டி வைத்திருந்தது. துண்டு, மாற்றுப் புடவை, பிளாஸ்க். உன் அம்மா கட்டியது. நான் அந்தத் தாளை மேசையில் வைத்தேன். உன் அம்மா திருப்பிப் பார்த்துவிட்டு, "காகிதமா வந்து புள்ளைய வளர்க்கும்? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா இருக்கே" என்றார்கள். உன் அண்ணன், "தப்பு பண்ணினவளே அளந்து பார்த்து சரியா இருக்குன்னு சொல்றா. திருடனே தராசு பிடிச்ச மாதிரி" என்றார். அது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. லேடி டாக்டர் நிச்சயமாகச் சொன்னார். உன் அம்மா நிச்சயமாகச் சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா சத்தியமே செய்தார். எல்லோருக்கும் எல்லாம் நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை பேரில் நீ ஒருத்திதான், இவ்வளவு தெரியும், இதற்கு மேல் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நீயோ இதில் மாட்டிக்கொண்டவள். உனக்கு ஒரு வரி பொய் எழுதுவது எவ்வளவு லாபம்! விடிந்தபோது எனக்கு அது மட்டும்தான் மனசில் நின்றது.

நேற்றுக் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் உன் அண்ணன் தெருமுனைக்குத் திரும்பச் சொன்னார், நான் நேராகப் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் நடுத்தெருவில் நிறுத்தி, "யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா" என்றார். "வயிறு என்னோடது, நான் சொல்றேன்" என்றேன். அந்த மனுஷர் நேராக ஓட்டிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தாளை இரண்டு தரம் படித்தார். "இதை யாரு அளந்தது? வர்றவங்க எல்லாம் பயத்தைத்தான் கொண்டுவருவாங்க, அளவைக் கொண்டுவந்தது நீங்கதான்" என்றார். கலைக்கக் காரணமே இல்லை என்று உன் அண்ணனிடம் சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ராத்திரி கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டார்.

நான் பெறப் போகிறேன் வாலு. உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அது வேறு கணக்கு.

ஒரு சந்தேகம். இப்போது அதற்கு எலும்பு இருக்குமா? உன்னைத்தான் கேட்க முடியும், எலும்பு உன் வியாபாரம்.

— அண்ணி


ஏப்ரல் 4

அன்பு அண்ணி,

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். அந்த வெளிச்சத்தில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஓவென்று அழுதேன். படம் கழுவுகிற தொட்டியில் கண்ணீர் விழுந்தால் கறை படும் என்று நகர்ந்து நின்று அழுதேன். ஆயிரம் இருந்தாலும் தொழில் தொழில்தானே.

எலும்பு இருக்கிறதா என்று கேட்டீர்கள். முதலில் எல்லாம் குருத்தெலும்பு, காது மடல் மாதிரி வளையும். இப்போதுதான் கெட்டிப்பட ஆரம்பிக்கும். உடம்பிலேயே முதலில் எலும்பாவது தோளையும் நெஞ்சையும் இணைக்கிற காறை எலும்பு. உங்கள் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள், மேடாகத் தட்டுப்படும். உங்களுக்கு அது முக்கால் சாண் நீளம். அதற்கு அது அரிசி அளவுகூட இருக்காது. தோள் இல்லாமல் சுமை தூக்க முடியுமா, அதனால்தான் முதல் வேலையாக அதைச் செய்கிறது போல. இது பாடத்தில் இல்லை, நானாகச் சொல்வது.

உங்கள் முதுகில் ஒன்றும் இல்லை. ஐந்து எலும்பும் அடுக்கி வைத்த மாதிரி நிற்கின்றன. வலி, குனிந்து வெட்டுவதால்தான். மேசைக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்லுங்கள். கனம் தூக்க வேண்டாம்.

அண்ணன் கூடத்தில் எத்தனை நாள் படுப்பான்? அவனுக்குக் கொசு ஆகாது. இரண்டு நாளில் உள்ளே வந்துவிடுவான்.

— வாலு


ஏப்ரல் 15

வாலு,

போய்விட்டது.

சனிக்கிழமை கம்பெனியில் லேசாக வலித்தது. செங்கல் வைத்து உயர்த்திய மேசைதான், நாற்காலிகூடக் கொடுத்திருந்தார்கள். வாயுப் பிடிப்பு என்று நினைத்தேன். ஞாயிறு விடியற்காலை குளியலறையில் உதிரம். உன் அண்ணன் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். அந்த டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தானா கலைஞ்சிருச்சும்மா, இது நிறைய பேருக்கு நடக்கிறதுதான்" என்றார். அடுத்த கட்டிலில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று ஆரம்பித்தார்கள். உன் அண்ணன் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதைத்தான் நினைக்கிறார்.

எனக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டது. உன் படத்தினாலா? எழுது. நீ பொய் சொல்ல மாட்டாய் என்று நடுத்தெருவில் ஆட்டோவை நிறுத்திச் சண்டை போட்டவள் நான்.

— அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

இல்லை.

ஏழு மில்லிகிரேக்குக் கர்ப்பம் கலையாது. அதற்கு வேண்டிய அளவு மிக மிக அதிகம். பிசிக்ஸ் சாரிடம் திரும்பப் போய்க் கேட்டேன், கூச்சப்படாமல் இரண்டு முறை கேட்டேன். அவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் உங்கள் பிள்ளை ஏன் தங்கவில்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு படமும் இல்லை. விளக்கில் மாட்டி, இதோ பாருங்கள், இதனால்தான் என்று விரல் வைத்துக் காட்டத்தான் எனக்குத் தெரியும். அப்படிக் காட்டுவதற்கு இங்கே எதுவுமில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதைப் படித்த பிறகு நீங்கள் எனக்கு எழுதாமலே போகலாம்.

அந்த டாக்டர் சொன்னாரே, நிறையப் பேருக்கு நடக்கும் என்று. அது எனக்குத் தெரியும். தெரிந்த கர்ப்பத்திலேயே ஆறேழு பேரில் ஒருவருக்கு முதல் மூன்று மாதத்தில் தானாகக் கலைந்துவிடும், யார் மேலும் தப்பில்லாமல். 24ஆம் தேதிக் கடிதத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று குறைகளைப் பற்றி எழுதினேனே, அதற்கு அடுத்த வரியாக இதையும் எழுத வேண்டியிருந்தது. பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். ஏற்கெனவே பயந்து போயிருக்கிறீர்கள், இதையும் சேர்த்துச் சொன்னால் 29ஆம் தேதி தெருமுனைக்கே போய்விடுவீர்களோ என்று விட்டுவிட்டேன். பொய் எழுத மாட்டேன் என்று அவ்வளவு பெருமை அடித்துக்கொண்ட அதே தாளில்தான் இதை மறைத்தேன்.

சொல்லியிருந்தால் உங்கள் மனசு கொஞ்சமாவது தயாராக இருந்திருக்கும். சொல்லாததால் இப்போது பழி முழுக்க அந்தப் படத்தின் மேல் விழுகிறது. உங்கள் மேலும் விழுகிறது, எல்லோரையும் மீறிப் போனவர் என்று.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை அண்ணி. அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனிக்குப் போன் செய்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். வீட்டுக்குச் செய்தேன், அம்மா எடுத்தார்கள், மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? உங்களைப் பார்க்கிற தகுதி எனக்கு இல்லை என்று நினைத்தால் அதையாவது எழுதுங்கள். ஒன்றுமே எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

— வாலு


ஏப்ரல் 23

வாலு,

கடிதம் கிடைத்து மூன்று நாள் மேசை டிராயரில் வைத்திருந்தேன். உனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்றுதான்.

நீ மறைத்தது தப்பு. சொல்லியிருந்தால் நான் தெருமுனைக்குப் போயிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். போயிருந்தாலும் போயிருப்பேன், அந்த நேரத்தில் ஒரு இறகு விழுந்தால்கூடச் சாய்ந்திருப்பேன். அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. கேட்காமல் விட்டதும் தப்பு. உன்னை மன்னிக்கிறேன் என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. வராமலே போனாலும் போகும். நீயும் உன் பங்குக்கு அழுது தீர்.

நேற்று ராத்திரி உன் அண்ணன் வாய் திறந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்திவிட்டு, "அன்னிக்கே நான் சொன்னபடி போயிருந்தா இந்த வேதனை இல்லல்ல? எப்படியும் போகப் போறதுதானே" என்றார். குத்திக்காட்டவில்லை. நான் பட்ட பாட்டைப் பார்த்துச் சகிக்காமல் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "அன்னிக்குப் போயிருந்தா நான் அனுப்பியிருப்பேன். இப்ப அதுவா போயிருக்கு. ரெண்டும் ஒண்ணா உங்களுக்கு?" என்று கத்தினேன். "நான் வேண்டாம்னு சொல்லலை. அதுக்குத் தெரியும், நான் வேண்டாம்னு சொல்லலை."

உன் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள். உன் அண்ணன் எச்சில் கையோடு உட்கார்ந்து அழுதார். ஒன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு அவர் ஒன்று சொன்னார். பை கட்டி வைத்திருந்த அன்றைக்கு ராத்திரி, நான் தூங்குகிறேன் என்று நினைத்து, என் வயிற்றின் பக்கம் குனிந்து மன்னிப்புக் கேட்டாராம்.

ரெண்டு வாரம் இருந்தது வாலு. ஆட்டோ நேராகப் போன நாளிலிருந்து அந்தச் சனிக்கிழமை வரை. அந்த ரெண்டு வாரமும் நான் வயிற்றில் கை வைத்துப் பயமில்லாமல் தூங்கினேன். கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னேன். அதற்கு ஒரு பெயர்கூட வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்ல மாட்டேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி நீ அளந்து கொடுத்தது எனக்கு அந்த ரெண்டு வாரம்தான். அது இல்லாமல் நான் அதைக் கொன்றவளாக இருந்திருப்பேன், சாகிற வரைக்கும். இப்போது நான் அதை இழந்தவள். அழுகிறேன், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து அழுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. உன் அம்மா கதவைத் திறக்க மாட்டார்கள். நான் திறப்பேன்.

— அண்ணி